இடது நெற்றிப்பொட்டு

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவள் ஆஸ்பத்திரியின் அடித்தளத்துக்கு இறங்கியபோது, அண்ணன் ஸ்கேன் அறை வாசலில் கைகட்டி நின்றான். மூளையிலுள்ள ரசாயனங்களைப் படம் பிடிக்கும் ராட்சதக் காந்தம் உள்ளே இருந்தது. அதை இயக்குபவன் அவன். காந்தப்புலத்தைச் சமன்செய்ய வந்தவள் அவள். புலம் எங்கும் ஒரே சீராக இருந்தால்தான் படம் தெளியும்.

"காலையிலேர்ந்து உயிரை வாங்குது. நீயே வந்து பாரு, தாயே."

காந்தத்தின் குழலுக்குள், நோயாளியின் தலை வரும் இடத்தில், தண்ணீர் நிரப்பிய சோதனை உருண்டை இருந்தது. திரையில் புலம் சமதரையாக விரிந்தது. இடது நெற்றிப்பொட்டு வரும் இடத்தில் மட்டும் பள்ளம்.

"இது வேற இடத்துல ஓடின காந்தம்தானே?"

அண்ணன் குரலைத் தாழ்த்தினான். "அங்க ஒரு ஆக்சிஜன் சிலிண்டரைக் காந்தம் இழுக்க, அது பறந்து போய், உள்ள படுத்திருந்தவன் மண்டையைப் பிளந்துடுச்சாம். சொன்னா சிரிப்பே."

சிரிக்கத்தான் செய்தாள். திருத்தும் சுருள்களில் மின்சாரத்தை ஏற்றினாள். பள்ளம் தூர்ந்துகொண்டே வந்தது. தூரத் தூர, ஒவ்வொரு ரசாயனத்தையும் ஒரு கோடாகக் காட்டும் பக்கத்துத் திரையில், தண்ணீரின் ஒற்றைக் கோடு மட்டும் இருக்கவேண்டிய இடத்தில், இன்னொரு கோடு முளைத்தது.

உயிருள்ள மூளை தரும் கோடு.

"அண்ணா, உள்ள யாரு?"

"யாரு இருப்பா? உருண்டைதான்."

பைகளைத் தடவிப் பார்த்துவிட்டு உள்ளே போனான். அவன்மேல் குண்டூசி அளவுகூட இரும்பு கிடையாது. குனிந்து குழலுக்குள் தலையை நீட்டினான்.

எதுவோ அவனை உள்ளே இழுத்தது.

கால்கள் உதறின. மண்டை குழலின் சுவரில் மோதும் சத்தம். மறுபடியும். மறுபடியும்.

"விடு! விடுடா என்னை!"

அவள் ஓடிப்போய் அவன் கால்களைக் கட்டிப்பிடித்து இழுத்தாள். அந்தப் பக்கம் அதைவிட வெறியோடு இழுத்தது. தோள்மூட்டு பிசகும் ஓசை கேட்டது. சூடான ரத்தம் தெறித்து அவள் கண்ணை மறைத்தது.

தடவித் தடவிச் சுவருக்குப் போய், காந்தத்தை அணைக்கும் சிவப்புப் பொத்தானைக் குத்தினாள்.

குளிர்வாயு சீறிக்கொண்டு கூரைக் குழாய் வழியே வெளியேறியது. காந்தம் செத்தது. அண்ணன் தரையில் சரிந்தான். இடது நெற்றிப்பொட்டு உள்ளே அமுங்கியிருந்தது.

"அண்ணா... என்னைப் பாருண்ணா..."

அவன் பார்க்கவில்லை.

அப்போது அழைப்புமணி அடித்தது. ஸ்கேனில் படுத்திருப்பவர் பயந்தால் அழுத்துவதற்கென்று குழலுக்குள் ஒரு ரப்பர் குமிழ் உண்டு. அவள் எட்டிப் பார்த்தாள்.

குமிழ் கசங்கியிருந்தது, ஐந்து விரல் பதிந்து.

மெல்லத் தளர்ந்தது.

மறுபடி இறுகியது.