உமையாள்நங்கை கட்டிய கச்சை

அந்தி மயங்கிய அவ்வேளையில் நெடும்பாறைக் கோட்டையின் ஆற்றுப்புற மண்டபத்தில் இருந்தவர்கள் மூவர்: கோட்டைத் தலைவர் வில்லவராயர், அரண்மனை மருத்துவர் உமையாள்நங்கை, சங்கு வணிகன் என்று சொல்லிக்கொண்டு உயரமான பலகையில் குப்புறக் கிடந்த குணவன்.

அன்புள்ள வாசகர்களே, அவன் வணிகன் அல்லன். எதிரிகளான கருவேலி நாட்டாரின் குதிரைப்படைத் தலைவன். நீர்வாயில் மதிலில் விழுந்திருந்த விரிசலைப் பார்த்துவிட்டான். கதவடைக்கும் முரசு ஒலிக்குமுன் வெளியேறினால் கோட்டை அவன் நாட்டுக்கு. பிடிபட்டால் தலை போய்விடும். வெளியே நிலவு ஏற, ஆறு வெள்ளித் தகடாய் விரிந்தது; அக்கரை நாணற்காட்டில் அவன் குதிரை காத்திருந்தது. பாழாய்ப்போன இடுப்போ வாயிற்படியிலேயே அவனைச் சாய்த்துவிட்டது.

"சிறுநீரகக் கல்லோ?" என்றார் வில்லவராயர். "போன ஆண்டு நானும் இப்படித்தான் கத்தினேன்."

"தாங்கள் கத்தியதில் பறந்த புறாக்கள் இன்னும் திரும்பவில்லை, ஐயா" என்ற உமையாள்நங்கை குணவனிடம் திரும்பினாள். "வணிகரே, வலியை ஒரு விரலால் காட்டும்."

பின்னிடுப்பின் வலப்பக்கக் குழிக்குச் சற்றுக் கீழே அவன் விரல் வைத்தான்.

"உட்கார்ந்து எழும்போது? படுக்கையில் புரளும்போது?"

"உயிர் போகிறது, அம்மணி."

"கால் மரத்துப்போகிறதா?"

"இல்லை."

அவனை மல்லாத்தி, வலக்காலை மடக்கி வெளிப்புறமாகச் சாய்த்து அழுத்தினாள். குணவன் உதட்டைக் கடித்தான்.

"முதுகுத் தண்டெலும்பில் குற்றமில்லை. அதன் அடியெலும்பு இடுப்பெலும்போடு சேரும் மூட்டுதான் நொந்திருக்கிறது. இதுவரை என்ன செய்தீர்?"

"எங்கள் வைத்தியர் ஒரு மாதம் அசையாமல் கிடக்கச் சொன்னார். கிடந்தேன்."

"கிடந்ததில் தாங்கிப் பிடிக்கும் தசைகளும் தளர்ந்துவிட்டன. உம் வைத்தியரும் கூடவே கிடந்தாரோ?"

வில்லவராயர் வயிறு குலுங்கச் சிரித்தார். குணவனுக்கும் சிரிப்பு வந்தது. படைத் தலைவர்களிடம்கூட இப்படியொரு தெளிவை அவன் கண்டதில்லை. சூடான மணல் ஒற்றடம் கொடுத்து, இடையில் அல்லாமல் அதற்குக் கீழே இடுப்பெலும்பைச் சுற்றி அகன்ற கச்சையொன்றை அவள் இறுக்கிக் கட்டியபோது, எதிரி என்பதையே மறந்து அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இப்போது இறங்கும்."

பலகையிலிருந்து குதித்தான். வலக்கால் மட்டும் தரையில் ஊன்ற, இடக்கை காற்றில் எதையோ பற்றியபடி நின்றது. வலி பாதியாகக் குறைந்திருந்தது! அவள் பார்வை அந்த இடக்கைமேல் ஒரு கணம் தங்கியதை அவன் பொருட்படுத்தவில்லை.

"ஆற்றங்கரைக்கு இதுதான் குறுக்குவழி" என்று பக்கத்துச் சிறுகதவைத் திறந்தாள்.

முரசு இன்னும் ஒலிக்கவில்லை. குணவன் விரைந்து நுழைந்தான். நாற்புறமும் கருங்கல், உயரத்தில் கைக்குட்டையளவு சாளரம்.

"எங்கள் வீரர்கள் குதிரையிலிருந்து இடப்புறமாக இறங்குவார்கள்" என்றாள் வாசலில் நின்ற உமையாள்நங்கை. "கடிவாளத்தை இடக்கையில் பற்றியபடி வலப்புறம் வலக்காலில் குதிப்பது கருவேலிக் குதிரைவீரர் மட்டுமே. அந்த மூட்டு நோவதில் வியப்பென்ன, கருவேலி வீரரே?"

"கண்டுகொண்ட பிறகுமா கச்சையைக் கழற்றவில்லை?"

"வலி வலிதானே! தினமும் மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கி, இடுப்பை மெல்ல உயர்த்தி இறக்கும். கொஞ்சம் நடையும் வேண்டும். அறை போதிய நீளம்தான்."

குணவன் தலை தாழ்த்தி அவளை வணங்கினான். கதவு சாத்தப்பட்டது, வெளியே பூட்டில் சாவி திரும்பியது.