பழைய பதிவே நிலைக்கும்

பொத்தானை அழுத்திய பிறகுதான் தோரிகா பிறந்த வருஷங்களைப் பார்த்தாள். மேல் வரியில் 2017. கீழ் வரியில் 1984.

ஃபிஜித் தலைநகர் சுவாவில் காலையிலிருந்து இருட்டிக்கொண்டிருந்த வானம் அப்போதுதான் கொட்டத் தொடங்கியிருந்தது. பதிவு அலுவலகத்தின் இரண்டாம் மாடியில் ஏசி ஒரு மாதிரி முனகி, ஈரக் கம்பளத்தின் வாடையைக் கிளப்பியது. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், பஸ் அட்டை, ஓட்டுப் பட்டியல் என்று தனித்தனியாகக் கிடந்த விவரங்களையெல்லாம் ஒரே தரவுத்தளத்தில் சேர்த்து ஆளுக்கு ஓர் எண் கொடுக்கிற வேலை அங்கே நடந்தது. அதற்கு வெளிநாட்டுக் கம்பெனி எழுதிக்கொடுத்த நிரலோ, ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் அது ஒரே ஆள் என்று நம்புகிற அப்பாவி. ஃபிஜியில் அப்படி நம்பினால் பாதி ஊர் காணாமல் போய்விடும். இங்கே குழந்தைக்குப் பெயர் வைப்பதென்றால் சொந்தத்தில் ஒருவருடைய பெயரை அப்படியே வைப்பதுதான். அதனால்தான் சந்தேகமான ஜோடிகள் தோரிகாவின் திரைக்கு வரும். ‘ஒரே ஆள்’ அல்லது ‘வேறு ஆள்’ என்று அவள் அழுத்த வேண்டும். ஏழு மாதமாகக் கண் பூத்துப்போகும்வரை பார்த்துப் பார்த்துத்தான் அழுத்தியிருந்தாள்.

இந்த ஒன்றைத் தவிர. வாசிட்டி நைவாலு, அவளுடைய சொந்த மகள். அதே கிராமம், அதே நாள், அதே மாதம். பார்த்ததும் மனசு குளிர்ந்துபோய், இவளை எனக்குத் தெரியாதா என்று அழுத்திவிட்டாள்.

கீழ் வரியில் இருந்தவள் கணவன் அபிசாயின் அக்கா. எட்டு வயதில் ரேவா ஆற்றோடு போனவள். அவள் பிறந்த தேதியிலேயே குழந்தையும் பிறந்ததால் அந்தப் பெயரையே வைத்தார்கள். குழந்தைக்கும் இப்போது எட்டு வயது.

எதிர் மேசையில் செமிசி இருந்தான். அவன் ஊர்க்காரர்களும் இவள் ஊர்க்காரர்களும் ஒருவரையொருவர் கேலி செய்வது பரம்பரை உரிமை. அவன் அதை ஒருநாளும் வீணாக்கியதில்லை.

“செமிசி, ஒன்னு தப்பா சேத்துட்டேன். பிரிச்சுக் குடேன்.”

“உங்க ஊர்க்காரங்க கையில மவுஸக் குடுத்தவன உதைக்கணும். சேத்தா சேத்ததுதான் தோரிகா. கம்பெனிக்கு எழுதிப் போடு, திங்கக்கெழமை பாப்பாங்க.”

“என் பொண்ணுடா.”

அவன் சிரிப்பை நிறுத்தினான். “யாரோட சேத்த?”

சொன்னாள். அவன் எழுந்து வந்து திரையைப் பார்த்தான்.

“பழைய பதிவுதான் நிக்கும். அதுல காலியா இருக்கிற கட்டத்த மட்டும் புதுசுலேருந்து எடுத்து ரொப்பிக்கும்” என்றான் மெதுவாக. “விடு, வெறும் கம்ப்யூட்டர்தானே. புள்ள பள்ளிக்கூடத்துல பத்திரமா இருக்கா.”

தோரிகா உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் ஒன்றையும் தொடவில்லை. கட்டங்கள் தாமாகவே ஒவ்வொன்றாக நிரம்பின. புகைப்படம் என்ற இடத்தில் மகளின் முகம் போய், பழைய பள்ளிப் பதிவேட்டிலிருந்து எடுத்த மங்கலான முகம் வந்து உட்கார்ந்தது. புருவத்தில் ஒரு தழும்பு. தாய் பெயர் என்ற கட்டத்தில் செத்துப்போன மாமியாரின் பெயர். முகவரி பழையதில் காலி. இவள் வீட்டு முகவரி இறங்கியது. பஸ் அட்டை காலி. மகளின் எண் இறங்கியது. கடைசியாகப் பல் பரிசோதனை. இன்று காலை பள்ளிக்கு வந்த டாக்டர் எழுதியது: மேல் முன்பல் ஒன்று இல்லை. நேற்று இரவு விழுந்த பல். டீச்சரிடம் காட்ட வேண்டுமென்று மகள் அதைக் காகிதத்தில் மடித்துச் சட்டைப் பையில் எடுத்துப் போயிருந்தாள்.

அறையில் ஈரக் கம்பள வாடை மாறி, ஆற்றுச் சேற்று வாடை அடித்தது. தனக்கு மட்டும்தானா என்று கேட்கத் தோரிகாவுக்குப் பயமாக இருந்தது. பள்ளிக்குப் போன் போட்டாள்.

“வாசிட்டி இப்பத்தான் கெளம்பினா” என்றாள் டீச்சர். “ஒரு துண்டு குடுத்து அனுப்பக் கூடாதா? தலை சொட்டச் சொட்ட உக்காந்திருந்தா.”

“மழையில வெளிய போனாளா?”

“இல்லையே. வகுப்புக்குள்ளதான் இருந்தா.”

திரையில் புதிதாக ஒரு வரி விழுந்தது. மூன்று மணி பன்னிரண்டு நிமிஷம், நசினு பஸ், ஏறினாள். வீட்டுக்குப் போகிற பஸ்.

தோரிகா ஓடினாள். பின்னால் செமிசி ஏதோ சொல்லிக் கூப்பிட்டான். டாக்சி கிடைத்தது; ஆனால் தெருவெல்லாம் முழங்கால் தண்ணீர். வண்டி ஊர்ந்தது. என்ன செய்வது, யாரிடம் போய்க் கெஞ்சுவது என்று தெரியாமல் கைப்பையைப் பிசைந்துகொண்டிருந்தாள். போன் அடித்தது. இரவுக் காவல் வேலை பார்க்கிற அபிசாய் பகலில் வீட்டில்தான் இருப்பான்.

“தோரிகா, எங்க இருக்க?”

“பாப்பா வந்துட்டாளா?”

“எந்தப் பாப்பா?”

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

“அக்கா வந்திருக்கா தோரிகா. வாசிட்டி அக்கா. நனைஞ்சுபோயிருக்கா. பசிக்குதாம்.” அவன் அழுதான். சந்தோஷத்தில் அழுதான்.

வீட்டு வாசலில் செருப்பு இல்லை. ஈரக் கால் தடங்கள் மட்டும். சின்னவை. உள்ளே போயிருந்தன.

சேற்று வாடை.

சுவரில் மகளின் படம் மாட்டியிருந்த ஆணி. வெறும் ஆணி.

சாப்பாட்டு மேசையில், மகளின் பள்ளிச் சீருடையில், அது உட்கார்ந்திருந்தது. புருவத்தில் தழும்பு. நீலம் பாய்ந்த உதடு. முடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது, நிற்கவில்லை. பக்கத்தில் அபிசாய், அவித்த மரவள்ளிக்கிழங்கைப் பிட்டுப் பிட்டு ஊட்டிக்கொண்டிருந்தான்.

“வாசிட்டி” என்றாள் தோரிகா.

அது திரும்பி, தெரியாத ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்தது. பிறகு அபிசாயிடம் கேட்டது.

“எங்கம்மா எங்கடா?”

பேசும்போது வாயிலிருந்து பழுப்புத் தண்ணீர் வழிந்தது. மேல் வரிசையில், முன்னால், ஒரு பல் இல்லை. நேற்று இரவு மகளை மடியில் போட்டு, உப்புத் தண்ணீரால் தோரிகா கழுவிவிட்ட இடம். ஈறு இன்னும் சிவப்பாக இருந்தது.