துண்டு போட்ட இடம்

ஈச்சங்குறிச்சி ரயில் நிலையத்தில் அன்று காலை ஏழு மணிக்கே எல்லாரும் எல்லாரையும் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார்கள். வரப்புத் தகராறில் பத்து வருடமாக முகம் பார்க்காத பங்காளிகள் ஒருவர் வாயில் ஒருவர் அல்வா ஊட்டினார்கள். அந்த நிறுத்தத்தை அளக்கச் சென்னையிலிருந்து வந்திருந்த தில்லைநாயகி தன் தோளில் தொங்கிய பிணைப்புமானியைப் பார்த்தாள். பதினொரு இழை.

"ஏறுதா மேடம்?" என்று கேட்டார் நிலைய அதிகாரி சவுரிமுத்து. முப்பது வருடமாக அந்த ஒற்றை நடைமேடையைக் கட்டி மேய்ப்பவர்.

"இறங்குது சார்."

மனிதர்கள் மனசார ஒட்டும்போது அவர்களின் நாடியும் மூச்சும் ஒரே தாளத்துக்கு வருமாம். அதைத் தொடாமலே பிடித்து இழைக்கணக்கில் சொல்லிவிடும் கருவி அது. நடிப்புக்கெல்லாம் மசியாது. சென்னையிலிருந்து நெல்லைக்கு நாற்பது நிமிடத்தில் பறக்கும் குழல்வண்டி வந்த பிறகு, பழைய பாசஞ்சர் ரயில்களை மொத்தமாக ஊற்றி மூடிவிடலாம் என்று மேலிடம் கிளம்பியபோது, குறுக்கே விழுந்தவள் தில்லைநாயகிதான். எத்தனை டிக்கெட் விற்றது என்று மட்டும் பார்க்காதீர்கள், மனிதர்களை எவ்வளவு சேர்த்து வைக்கிறது என்று அளந்து பாருங்கள் என்று வாதாடி, நிறுத்தப் பயன் சட்டத்தை அவளே எழுதினாள். நூறு இழைக்குக் கீழே போகும் நிறுத்தம் மூடப்படும். அந்த நூறும் அவள் போட்டதுதான். இப்போது அது அவள் தொண்டையிலேயே முள்ளாக நின்றது.

"வண்டி இங்க நிக்கலேன்னா, பதினெட்டு கிலோமீட்டர் போயி ஏறணும். விக்கக் கொண்டுபோற பூவெல்லாம் வழியிலயே வாடிரும் மேடம்," என்றார் சவுரிமுத்து. அவர் சொன்னது பூவை மட்டுமல்ல என்று அவளுக்குப் புரிந்தது.

ஏழே முக்காலுக்கு பாசஞ்சர் வந்தது. ஒருவரும் ஏறவில்லை. "நீங்க ஏறுங்கண்ணே," "அட, நீங்க மொதல்ல," என்று வாசலில் மரியாதை வழிந்தது. மானி ஒன்பதுக்கு இறங்கியது. ஊர் கூடித் தன் கழுத்தில் தானே சுருக்குப் போட்டுக்கொள்வதைப் பார்த்தபடி, அளவை முடிப்பதற்காக அவள் பெட்டிக்குள் ஏறினாள்.

அப்போதுதான் பூக்காரி ஆவுடையம்மாளின் கை தன் வேலையைக் காட்டியது. இருபது வருடப் பழக்கம். ஜன்னல் வழியாக ஒரு துண்டை உள்ளே வீசிவிட்டது. அவள் கூடையோடு சுற்றி ஏறி வருவதற்குள், தையல்கடை மைதீன்பிச்சை அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"பாய், துண்டு கெடக்கது கண்ணு தெரியலியோ?"

"துண்டு போட்டா சீட்டு ஒங்களுக்குப் பட்டா ஆயிருமாக்கா?"

"எனக்கா போட்டேன்? எந் தம்பி பொண்டாட்டி நெறமாசம். பின்னால மூச்சு வாங்க வாரா பாரும்."

"நெறமாசக்காரின்னா மொதல்லயே சொல்லவேண்டியதுதான?" என்று மைதீன்பிச்சை சட்டென்று எழுந்து, அந்தத் துண்டாலேயே இடத்தைத் தட்டிவிட்டார். வாய் மட்டும் ஓயவில்லை. "எம்மக கல்யாணப் பந்தியிலயும் இப்பிடித்தான் துண்டு போட்டீங்க."

"போட்டேன். கறி தீந்துபோச்சுன்னு கைய விரிச்சிருவீருன்னு பயந்துதான் போட்டேன்."

பெட்டியே இரண்டு கட்சியாகப் பிரிந்தது. அன்றைக்குக் கறி தீர்ந்ததா இல்லையா என்பதற்கு நாலு சாட்சிகள் கிளம்பினார்கள். அல்வா ஊட்டிய பங்காளிகள் பழையபடி வரப்புக்குப் போனார்கள். தில்லைநாயகியின் தோளில் மானி கீச்சிட ஆரம்பித்தது. முப்பது. எழுபது. தொண்ணூற்றாறு. ஜன்னலுக்கு வெளியே நின்று மானியில் ஏறும் எண்ணைப் பார்த்துவிட்ட சவுரிமுத்து, ஆட்டவேண்டிய பச்சைக்கொடியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தார்.

"எல்லாரும் கொஞ்சம் தள்ளி உக்காருங்க," என்றது ஒரு குரல். மூன்று பேர் பலகையில் நாலு பேர் ஆனார்கள், அப்புறம் ஐந்து. ஐந்தாவது ஆளாக விளிம்பில் நசுங்கிய தில்லைநாயகியை மைதீன்பிச்சை விடவில்லை. "மேடம், படிச்சவங்க. நியாயத்த நீங்க சொல்லுங்க."

அளப்பவர் வாய் திறக்கக் கூடாது என்பது விதி. அவளுக்கு வந்த சிரிப்பில் விதி எங்கே நின்றது?

"துண்டு போட்டா போட்டதுதான் பாய்."

பெட்டி கூரை பிய்ந்துவிடும்போல ஆர்ப்பரித்தது. முன்னூற்றுப் பன்னிரண்டு இழை. சவுரிமுத்து கண்ணைத் துடைத்துக்கொண்டு கொடியை ஆட்டினார்.

சாயங்காலம் குழல்வண்டியில் சென்னை திரும்பினாள். ஆளுக்கொரு தனி அறை, ஆளுக்கொரு கதவு. ஒருவர் மூச்சு இன்னொருவர் மேல் படாது. தினமும் நாற்பதாயிரம் பேர் இறங்கும் அவளுடைய பேட்டை நிறுத்தத்தில் நடந்துகொண்டிருந்தபோதுதான், மானியை அணைக்க மறந்தது நினைவுக்கு வந்தது. எடுத்துப் பார்த்தாள். இரண்டு இழை. அதுவும், அவள் காலை மிதித்துவிட்டு மன்னிப்புக் கேட்ட ஒருவரின் புண்ணியம்.

மறுநாள் சட்டத்தைப் புரட்டி விதிவிலக்குத் தேடினாள். 'எந்த நிறுத்தமாயினும்' என்றுதான் இருந்தது. அவள் எழுதியது அப்படி. ஒரு வாரம் முறைப்படி அளந்தும் இரண்டு இழை மூன்று இழையாகவில்லை. தன் பேட்டை நிறுத்தத்தை மூடும் உத்தரவில் அவளே கையெழுத்துப் போட்டாள். குழல்வண்டி நிறுத்தம் மூடப்பட்டு, துருப்பிடித்துக் கிடந்த பழைய தண்டவாளத்தில் பாசஞ்சர் விடப்பட்டது. பேட்டையே அவளைத் திட்டித் தீர்த்தது. கூடித் திட்டுவதற்காக, பக்கத்து வீட்டுக்காரர்கள் முதல்முறையாக ஒருவர் கதவை ஒருவர் தட்டினார்கள்.

முதல் நாள் வண்டி பிதுங்கிக்கொண்டு வந்தது. ஜன்னலோரம் ஒரே ஒரு இடம் காலி. தில்லைநாயகி யோசிக்கவே இல்லை. கை பைக்குள் போனது, கைக்குட்டை ஜன்னலுக்குள் விழுந்தது.

"இன்னாம்மா, கர்ச்சீப் போட்டா சீட்டு உன்துன்னு பட்டா குட்த்துட்டாங்களா?" என்றது உள்ளே ஒரு கட்டைக் குரல்.

பையில் மானி கீச்சிட்டது.

"குடுத்துட்டாங்க. கொஞ்சம் தள்ளி உக்காருங்க," என்று புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவள் ஏறினாள்.