லூசியாளின் காலித் தட்டு

ஓவியத்தில் புனித லூசியாளின் கையிலிருந்த தட்டு காலியாக இருந்தது. அதுதான் படத்தைத் துலக்க உட்கார்ந்தவளுக்கு முதலில் உறுத்தியது. பிடுங்கப்பட்ட தன் கண்களைத் தட்டில் ஏந்தி நிற்பதுதானே லூசியாளின் அடையாளம்! முந்நூறு வருஷத்துக்கு முந்தைய பரோக் காலத்து ஓவியன் இருட்டைக் குழைத்துக் குழைத்துப் பூசி, முகத்திலும் தட்டிலும் மட்டும் வெளிச்சம் விழ வரைந்திருந்தான். கண்களைத்தான் காணோம்.

"அழுக்குக்கு அடியில இருக்கும்மா. பார்த்துத் துடைங்க," என்று சொல்லிப் படத்தை வைத்துவிட்டுப் போனார் தேவாலயத்துப் பங்குச்சாமியார்.

பழைய ஓவியங்களைத் துலக்குவது அவள் தொழில். பார்வை மங்கிக்கொண்டே வருவதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் எவன் வேலை தருவான்? அவளுக்கும், லீவு நாளென்று அடுத்த அறையில் படம் வரைந்துகொண்டிருந்த மகளுக்கும் சோறு போடுவது இந்தக் கண்கள்தான்.

"என் பார்வையை மட்டும் திருப்பிக் குடுத்துடு தாயே. பதிலுக்கு என்ன வேணா எடுத்துக்கோ," என்று படத்தைப் பார்த்துப் பாதி விளையாட்டாகச் சொன்னாள். பிறகு பஞ்சை எச்சிலில் நனைத்துத் தட்டைத் துடைக்க ஆரம்பித்தாள். பழைய அழுக்குக்கு எச்சிலைப் போல மருந்து கிடையாது.

பஞ்சு பழுப்பாகிக்கொண்டே போனது; எண்ணெய் வாடையும் மெழுகுவத்திப் புகை வாடையும் கிளம்பி, அவற்றுக்கு அடியிலிருந்து, அழுது தூங்கிய குழந்தையின் தலையணை வாடைபோல் இன்னொன்றும் மெல்ல எழுந்து அறையை நிறைத்தது. அதை அவள் பொருட்படுத்தவில்லை. ஏனென்றால், துடைக்கத் துடைக்க அவள் கண்ணிலிருந்த மூட்டம் கலைந்துகொண்டிருந்தது! சுவரில் ஊர்ந்த எறும்பின் கால்கள்கூடத் தெரிந்தன. வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு இன்னும் வேகமாகத் துடைத்தாள்.

தட்டில் ஒரு கண் தெரிந்தது. பிறகு இன்னொன்று.

சின்னக் கண்கள். பெரியவர்களுடையவை அல்ல. இடது கண்ணின் வெள்ளையில் எள்ளளவு கறுப்புப் புள்ளி.

கை நின்றுவிட்டது. தினமும் காலையில் மகளுக்கு முகம் துடைத்துவிடும்போது அவள் பார்க்கிற புள்ளி அது.

ஐயோ.

கறுப்பு வண்ணத்தை அள்ளி அந்தக் கண்கள்மேல் அப்பினாள். ஒட்டவில்லை. வழிந்தது. மறுபடியும் அப்பினாள். வழிந்தது.

அடுத்த அறையில் பென்சில் உருண்டு விழுந்தது.

"அம்மா... கரண்ட் போயிடுச்சா?"

ஜன்னலில் மத்தியான வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. கதவுத் திரையின் ஒவ்வொரு நூலும் அவளுக்குத் தெரிந்தது. நிலையைத் தடவித் தடவி வரும் பிஞ்சு விரல்கள் தெரிந்தன.

"எங்கம்மா இருக்கே?"

தட்டிலிருந்த கண்கள் கலங்கின. அறை முழுக்க உருண்டு தேடின. கடைசியில் அவள் முகத்தில் வந்து நின்றன.