கோலைக் கீழே வைக்காதே!

ட்ரிங்... ட்ரிங்...!

ஒப்பனை அறை மேஜையிலிருந்த கறுப்பு டெலிபோன் அலறியது.

கோட்டுக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தவன் திரும்பினான். வயது இருபத்தாறு. எண்பது பேர் கொண்ட இசைக்குழுவை மூன்று வாரமாகக் கோல் அசைத்து வழிநடத்தும் கண்டக்டர். 'எந்த ரூட்டுங்க?' என்று கேட்பவர்களுக்கு விளக்கம் சொல்லிச் சொல்லி அலுத்துப் போனவன்.

மணி மூன்று ஐம்பது. நான்கு மணிக்குக் கச்சேரி.

ரிசீவரை எடுத்தான்.

"ஹலோ..."

"கண்டக்டர் சார்தானே?" துணிக்குள்ளிருந்து பேசுவது போல ஒரு கரகரப்பு.

"ஆமா. நீங்க யாரு?"

"அது உனக்கு வேண்டாம். ஆஸ்பத்திரியில மூணாவது மாடி. பதினாலாம் நம்பர் ரூம். அங்க படுத்திருக்கிறது உங்கப்பாதானே?"

அவன் ரிசீவரைக் காதோடு அழுத்தினான்.

"அந்தக் கட்டிலுக்குப் பக்கத்துலதான் உட்கார்ந்திருக்கேன். அவரு மூக்குக்குப் போற ஆக்ஸிஜன் குழாய் என் விரலுக்கு நடுவுல இருக்கு. பக்கத்துல ஒரு ரேடியோவும் இருக்கு. உன் கச்சேரி நேரடி ஒலிபரப்பாச்சே!"

"உனக்கு... உனக்கு என்ன வேணும்?"

"சங்கீதம்! செல்லோ கச்சேரியோட மூணு பகுதியும் முழுசா வேணும். நடுவுல என்ன ஆனாலும் சரி, கூரையே இடிஞ்சு விழுந்தாலும் சரி... கோலைக் கீழே வைக்காதே! வெச்சே... குழாயை மடிச்சிடுவேன். யாருகிட்டயாவது வாயைத் திறந்தாலும் அதேதான்."

டொக்!

செல்போனை எடுத்து ஆஸ்பத்திரிக்கு அடித்தான்.

மணி போனது... போய்க்கொண்டே இருந்தது...

யாரும் எடுக்கவில்லை!

அம்மா போன பிறகு அப்பாதான் அவனுக்கு எல்லாம். அவனுக்குத் தலை வாரிவிட்டதிலிருந்து முதல் வயலினுக்குத் தந்தி மாட்டியது வரைக்கும் அவர் கைதான்.

படாரென்று கதவு திறந்தது. மேடை மேலாளர்.

"சார், ரேடியோக்காரங்க சிவப்பு லைட்டைப் போட்டாச்சு! இன்னும் ரெண்டே நிமிஷம். அந்த போனை இப்படிக் குடுங்க, மேடையில போய் அலறிடப் போவுது!"

பதிலுக்குக் காத்திராமல் போனைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார்.

சொல்லிவிடலாமா? வாயைத் திறந்தான்...

மூடிக்கொண்டான்.

மேடை ஓரத்தில் அக்கா நின்றிருந்தாள். உடன்பிறந்தவள் இல்லை. முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி வாசிக்கும் பெரிய வயலின் போன்ற செல்லோவைத் தொட்டால் ஊரையே கட்டிப் போடும் அவளை, எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். இன்று தனி வாசிப்பு அவளுடையது. ஃப்ளாஸ்க்கிலிருந்து வெந்நீரை ஊற்றிக் குடித்துவிட்டு மூடியைத் திருகினாள்.

"என்ன தம்பி, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற? பயமா?"

"அக்கா... வந்து..."

"வந்தும் இல்ல, போயும் இல்ல. நான் இருக்கேன்ல? வா!"

கைதட்டல் பொங்கியது. மேடையேறினான். அக்கா அவனுக்கு இடப்பக்கம் உட்கார்ந்தாள். வலப்பக்கம் செல்லோ வரிசை. அதில் முதல் நாற்காலியில் இருபத்திரண்டு வருஷமாக உட்கார்ந்திருக்கும் செல்லோ மாமா, 'தைரியமா ஆரம்பி' என்பது போலத் தலையசைத்தார்.

கோல் உயர்ந்தது.

முதல் பகுதி பிழையில்லாமல் ஓடியது. அவன் கை தாளம் போட்டது. மனசு மட்டும் பதினாலாம் நம்பர் அறையில் கிடந்தது.

இரண்டாம் பகுதி. மெதுவான இசை.

எட்டாவது நிமிஷத்தில் அக்காவின் வில் ஒரு நூலிழை பிசகியது.

திரும்பிப் பார்த்தான்.

அவள் நெற்றி முழுக்க வியர்வை. இமைகள் தாமாகச் சொருகின. இடது கை விரல்கள் தந்தியைத் தேடித் தேடித் தொட்டன. அவனை அண்ணாந்து பார்த்தாள்.

'தம்பி... முடியலை... நிறுத்து!'

உதடு அசையவில்லை. கண்கள்தான் கெஞ்சின.

அவன் என்ன செய்வான்? கோலைக் கீழே வைத்தால் அப்பா... வைக்காவிட்டால் அக்கா!

இடது கையால் மற்ற வாத்தியங்களை அடக்கினான். அவளுக்கு மூச்சு வாங்க இடம் கொடுத்தான். அவனால் முடிந்தது அவ்வளவுதான்!

மூன்றாம் பகுதி தொடங்கியது.

பத்தே விநாடி.

அக்காவின் வில் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. செல்லோவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அப்படியே சரிந்தாள்!

நூற்றறுபது கண்கள் அவன் கோலை வெறித்தன.

பதறிப்போய் வலப்பக்கம் திரும்பினான்.

அந்த வரிசையில் மற்றவர்கள் வில்லைத் தாழ்த்தியிருக்க, செல்லோ மாமாவின் வில் மட்டும் ஏற்கெனவே தந்தியின் மேல் இருந்தது!

கண்ணால் கெஞ்சினான். மாமா வாசிக்க ஆரம்பித்தார். அக்காவின் பாகத்தை, எதிரில் தாள்கூட இல்லாமல்!

இரண்டு பேர் ஓடிவந்து அக்காவைத் தூக்கிப் போனார்கள்.

"நிறுத்துய்யா!" முன்வரிசையிலிருந்து ஒரு கத்தல். "பொம்பளை செத்துக்கிட்டிருக்கா... நீயெல்லாம் மனுஷனா?"

அவன் நிறுத்தவில்லை. கன்னத்தில் கண்ணீர் வழிய, பதினோரு நிமிஷம் கோலை ஆட்டினான்.

கடைசி ஸ்வரம் ஓய்ந்ததும் மேடையை விட்டு ஓடினான். மேலாளரிடமிருந்து செல்போனைப் பிடுங்கி ஆஸ்பத்திரிக்கு அடித்தான்.

இந்த முறை நர்ஸ் எடுத்தாள்.

"உங்கப்பாவா? மத்தியானத்துலேர்ந்து நல்லா தூங்கறாரு சார்."

"பக்கத்துல ஒரு ஆளு இருப்பானே? கையில ரேடியோவோட..."

"ஆளா? ரெண்டு மணியிலேர்ந்து நான்தான் அந்த ரூம்ல இருந்தேன், இப்பதான் வெளியே வந்தேன். ஈ காக்கா வரலை!"

அப்படியே தரையில் உட்கார்ந்தான்.

அடுத்த அரைமணி நேரத்தில் ஒப்பனை அறையில் அவனுக்கு எதிரே ஒரு பெண் இன்ஸ்பெக்டர்.

"அந்தம்மா பிழைச்சிட்டாங்க. ஃப்ளாஸ்க் வெந்நீர்ல தூக்க மருந்து. இன்னும் கொஞ்சம் கூடியிருந்தா எழுந்தே இருக்க மாட்டாங்க. நீங்க ஏன் கச்சேரியை நிறுத்தலை?"

நடந்ததையெல்லாம் கொட்டினான்.

இன்ஸ்பெக்டர் அந்தக் கறுப்பு டெலிபோனைக் காட்டினாள்.

"மிரட்டல் இதுல வந்ததா?"

"ஆமா மேடம்."

"பொய் சொல்றதையும் பொருத்தமா சொல்லணும் சார். இதுக்கு வெளியிலேர்ந்து கால் வராது. இந்தக் கட்டடத்துக்குள்ள ரூமுக்கு ரூம் பேசத்தான் முடியும்!"

"மேடம், சத்தியமா..."

"யார் சாட்சி? வேற யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"உங்க ஒருத்தர்கிட்டதான் சொல்லியிருக்கேன்..."

குற்றவாளியாகவே ஆகிவிட்டோம் என்று தோன்றியது.

கதவு திறந்தது. செல்லோ மாமா. நேராக வந்து அவன் தோளை அணைத்துக்கொண்டார்.

"பச்சைப் பிள்ளையைப் போட்டு ஏம்மா வதைக்கறீங்க? தம்பி, அழாதேப்பா. அக்கா பிழைச்சிட்டாங்க. அப்பா குழாய்லயும் எவனும் கை வைக்கலை. அப்புறம் என்ன?"

இன்ஸ்பெக்டர் மெதுவாக நிமிர்ந்தாள்.

"எந்தக் குழாய் பெரியவரே?"

"அதான்... ஆக்ஸிஜன்..."

மாமாவின் கை அவன் தோளிலிருந்து நழுவியது.

அவன் விலுக்கென்று எழுந்தான்.

"மாமா! முந்தாநாள் அப்பாவைப் பார்க்கப் பழம் வாங்கிட்டு வந்தீங்க... ரூம் நம்பர், குழாய் எல்லாம் பார்த்தீங்க... இன்னிக்கு நான் திரும்பறதுக்கு முன்னாடியே வில்லைத் தூக்கிட்டீங்க... நீங்களா மாமா?"

மாமா நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"இருபத்திரண்டு வருஷம் தம்பி! யார் யாரோ வந்து முன்னாடி உட்கார்ந்து தனியா வாசிச்சாங்க... நான் பின்னாடி உட்கார்ந்து 'ஜும் ஜும்'னு இழுத்துட்டிருந்தேன். அவ கச்சேரிக்கு முன்னாடியே படுத்திருந்தா வேற பாட்டு போட்டிருப்பீங்க. நடுவுல விழுந்தா நீ நிறுத்தியிருப்பே. நீ நிறுத்தக் கூடாது... எனக்கு வேற வழி தெரியலை."

"அக்கா செத்திருந்தா?"

மாமா தன் வில் பிடித்த விரல்களையே பார்த்தார்.

அவனுக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. கத்த முடியவில்லை. பதினோரு நிமிஷம் அந்தக் குற்றத்துக்குத் தாளம் போட்டது அவன் கைதானே!

கான்ஸ்டபிள் விலங்கோடு வந்தார். இன்ஸ்பெக்டர் அவன் பக்கம் குனிந்தாள்.

"எனக்கு சங்கீதம் தெரியாது. எப்படித்தான் வாசிச்சார்?"

"அதான் மேடம் தாங்க முடியலை..." அவன் குரல் உடைந்தது. "அற்புதமா வாசிச்சார்!"

அப்போது மேலாளர் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"மேடம், ரேடியோ ஸ்டேஷன்லேர்ந்து விடாம கேக்கறாங்க! நேயர்கள் போன் மேல போன் போடறாங்களாம். கடைசியில செல்லோ வாசிச்சவர் யாருன்னு அறிவிக்கணுமாம். என்ன பேர் சொல்லட்டும்?"

தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டே இன்ஸ்பெக்டர் சொன்னாள்:

"பேர் வேண்டாம்... கேஸ் நம்பரைச் சொல்லுங்க!"