சுவருக்கு அப்பால் முதல் பாயிண்ட்

செவ்வாய்க் கோளின் மூன்றாம் குமிழ்நகரில் ஓர் உயிரின் விலை, அந்த ஊர்ப் பணத்தில், பதினெட்டு வரவு. பேரம் பேசத் தெரிந்தவருக்குப் பதினாறு.

கசிவுக்காவலன் என்ற பிளக் பாயிண்டின் விலைதான் அது. ஈரக்கை வழியே மின்சாரம் ஒரு துளி கசிந்தாலும், கண்ணிமைக்குமுன் லைனைத் துண்டித்துவிடும். விட்ட மூச்சிலிருந்து பிழிந்தெடுத்த நீரில் குளிக்கிற ஊரில், ஈரமில்லாத சுவர் ஏது? உணவுப்பாசிக் கடை தங்கபாண்டியின் மகள் வெண்ணிலா முந்தாநாள் குளியலறையில் ஷாக் அடித்து விழுந்து பிழைத்தாள். அதிலிருந்து சுவிட்சைத் தொடப் பயந்து இருட்டிலேயே பல் துலக்குகிறாள்.

மின்கம்பித் தடம் பார்க்கும் இயந்திரம் கோலப்பன் வந்து பார்த்தது. "தண்ணி புழங்குற இடத்து லைன்ல உங்க வீட்ல ஆறு பாயிண்ட் இருக்கு, அண்ணாச்சி. முதல் பாயிண்ட்ல ஒரு காவலன் மாட்டினாப் போதும். பின்னால உள்ளதுக்கெல்லாம் அதுவே காவல்."

ஒன்று வாங்கினால் ஐந்து இலவசம்! தங்கபாண்டிக்கு வயிறு குளிர்ந்தது. "அதைத் தேடு, ராசா."

கோலப்பன் கம்பியில் ஒரு ரீங்காரத்தை ஏற்றிவிட்டு, சுவரில் காதை வைத்துக்கொண்டே நகர்ந்தது. குளியலறை, அடுப்படி, கூடம் என்று போய்ப் பக்கத்து வீட்டுச் சுவரில் முட்டி நின்றது. கட்டியவர்கள் கம்பி மிச்சம் பிடிக்க இரண்டு வீட்டுக்கும் ஒரே லைன் இழுத்திருந்தார்கள்.

"முதல் பாயிண்ட் பிலவேந்திரன் வீட்டு அடுப்படில இருக்கு. சுவர் தாண்டினதும் உங்க ஆறும் தனித்தனியாப் பிரியுது."

"நல்லதாப் போச்சு, ஒண்ணு வாங்கி அங்க மாட்டுங்க. ரெண்டு வீட்டுக்கும் ஆச்சு," என்றாள் மனைவி ஜெயக்கொடி.

"என் காசுல அவன் பிழைக்கணுமா? அவன் பேச்சையே எடுக்கக்கூடாது!"

பிலவேந்திரனும் பாசிக்கடைக்காரர்; இரண்டு வருடத்துக்கு முன் பாசியைக் கால் வரவு குறைத்து விற்றவர். அன்றோடு பேச்சு நின்றது.

"பிள்ளை பெருசா, பிலவேந்திரன் பெருசா?"

"பிள்ளைதான். அதான் ஆறும் வாங்குதேன்."

ஆறும் மாட்டியாயிற்று. சேதி சுவர் தாண்டியது. மறுநாள் பிலவேந்திரனும் வீம்புக்குத் தன் ஆறு பாயிண்டுக்கும் ஆறு வாங்கினார். கோலப்பனுக்கு இரட்டைக் கூலி.

அடுத்த வாரம் குளிக்கும்போது வெண்ணிலா நுரைக்கையோடு ஹீட்டரில் சாய்ந்தாள். டக்.

"அப்பா, அடிக்கல! அடிக்கவே இல்லப்பா!"

தங்கபாண்டி கண்ணைத் துடைத்துக்கொண்டு, கரண்ட் திரும்ப வர, காவலனின் பொத்தானை அமுக்கினார். கரண்ட் வரவில்லை. ஆறையும் அமுக்கினார். ம்ஹூம். நீர் பிழியும் மோட்டாரும் நின்றிருந்தது. பிள்ளை நுரையோடு நடுங்கினாள்.

கோலப்பனைக் கூப்பிட்டார். "ஒரே கம்பிதானே, அண்ணாச்சி. அவர் வீட்டுக் கடைசிக் காவலனும் சேர்ந்து விழுந்திருக்கும். அதுல அவர் எதையும் சொருகல, அவருக்குத் தெரியாது. அவர் அமுக்கினாத்தான் உங்களுக்கு வரும்."

"இதை முன்னாடியே சொல்ல என்ன?"

"அவர் பேச்சை எடுக்கக்கூடாதுன்னீங்களே!"

வேறு வழியில்லை. கதவைத் தட்டினார். பிலவேந்திரன் திறந்தார்.

"உங்க கடைசிக் காவலன் பட்டனை… கொஞ்சம் அமுக்கணும்."

"பிள்ளைக்கு ஒண்ணுமில்லையே?"

"ஒண்ணுமில்ல."

பிலவேந்திரன் உள்ளே ஓடி அமுக்கிவிட்டு வந்தார். சுவருக்கு அப்பால் மோட்டார் உறுமியது. இருவரும் மூச்சு விட்டார்கள்.

"காவலன் என்ன விலைக்கு வாங்கினீரு?"

"பதினாறு."

பிலவேந்திரன் முகம் மலர்ந்தது. "நான் பதினஞ்சரை."

தேவைப்பட்ட காவலன் ஒன்று, வாங்கியது பன்னிரண்டு. பிழைத்த உயிர் ஒன்று, மீண்ட பேச்சு ஒன்று. அந்த அரை வரவு மட்டும் தங்கபாண்டியின் நெஞ்சில் இன்னும் பற்றுக்கணக்கில் நிற்கிறது.