மூச்சு எடுக்கும் இடம்

பாண்டிச்செல்வி அனுப்பிய பதிவில், அவள் பாடத் தொடங்குவதற்குச் சற்று முன்னால் இரண்டு பேர் மூச்சு இழுத்தார்கள்.

எதிரொலி என்றுதான் ஸ்வப்னா முதலில் நினைத்தாள். திருப்பரங்குன்றத்து மாடி வீட்டில் ஜன்னலை அடைத்துவிட்டு, லேப்டாப் முன்னால் ஹெட்போனோடு மூன்று நாட்களாக அவள் செய்துகொண்டிருந்தது ஒரே வேலை. அவளிடம் பாட்டுப் படித்த பழைய மாணவிகள் முப்பது பேர் அவரவர் வீட்டில் தனித்தனியாகப் பாடி அனுப்பியதை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, எல்லோரும் ஒரே மேடையில் நின்று பாடுவதுபோலச் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு பதிவுக்குள்ளும் ஒரு வீடு இருந்தது. குக்கர் விசில், அணில் கத்தல், பக்கத்து வீட்டு டிவி. அதையெல்லாம் அவளால் அழித்துவிட முடிந்தது. இந்த மூச்சை மட்டும் முடியவில்லை. ஈரமான, கனத்த மூச்சு. பாண்டிச்செல்வி எங்கெல்லாம் மூச்சு எடுத்தாளோ அங்கெல்லாம், அவளுக்கு ஒரு நொடி முன்னால்.

ஸ்வப்னா போன் செய்தாள்.

"வீட்ல யாரும்மா இருக்கா?"

"யாருமில்லயே டீச்சர். அவுக லோடு ஏத்திக்கிட்டு ஓசூர் போயிருக்காக. நான் மட்டுந்தேன்."

வாடிப்பட்டி தாண்டி, வயலுக்கு நடுவில் புதிதாகக் கட்டிய வீடு. கூப்பிடு தூரத்தில் வேறு வீடு கிடையாது. கதவு ஜன்னல் எல்லாம் தாழ் போட்டு, ஃபேனை நிறுத்திவிட்டு இன்னொரு தடவை பாடி அனுப்பச் சொன்னாள் ஸ்வப்னா.

இரண்டாவது பதிவு மதியம் வந்தது. மூச்சு இன்னும் கிட்டத்தில் கேட்டது, மைக்கில் உதடு உரசுவதுபோல. அப்போதுதான் அவளுக்கு அது உறைத்தது. தாளத்துக்காக ஓடவிடும் இசை, இயர்போன் வழியாகப் பாண்டிச்செல்வியின் காதுக்குள் மட்டும்தான் ஓடுகிறது. அந்த அறையில் வேறு யார் இருந்தாலும் அவள் எந்த நொடியில் பாடத் தொடங்குவாள் என்று தெரிய வழியில்லை.

அந்த மூச்சுக்குத் தெரிந்திருந்தது.

"வீடியோ கால்ல வா. நான் பார்த்துக்கிட்டே இருக்கேன், நீ பாடு."

"என்ன டீச்சர், பயமுறுத்துறீங்க?"

"சேச்சே. ஏதோ சத்தம் விழுது, அம்புட்டுதான்."

சொல்லியிருக்க வேண்டும். வெளியே போயிரு என்று சொல்லியிருக்க வேண்டும்.

நான்கு மணிக்கு லேப்டாப் திரையில் பாண்டிச்செல்வி தெரிந்தாள். பச்சைச் சுவர், மூடிய கதவு, மேலுதட்டில் வியர்வை. புருஷனின் பழைய போனை மேசைமேல் ஒரு எவர்சில்வர் டப்பாவில் சாய்த்து, அதன் ஒலியைச் சுத்தமாகக் குறைத்தாள். இசை ஓடும் தன்னுடைய போனை, நடுவில் யாரும் கூப்பிட்டுவிடாதபடி ஃப்ளைட் மோடில் போட்டாள். எல்லாமே ஸ்வப்னா முப்பது பேருக்கும் எழுதி அனுப்பிய விதிகள். பிறகு இயர்போனைச் செருகிக் கண்களை மூடினாள்.

மூச்சு கேட்டது.

ஸ்வப்னா அவளுக்குப் பின்னால் தேடினாள். சுவர். கதவு. யாருமில்லை. பாண்டிச்செல்வி பாடத் தொடங்கினாள். முதல் வரி முடிந்ததும் மறுபடி மூச்சு. கூடவே திரையின் ஓரம் வெளுத்தது. புகைபோலப் பரவி, மெல்லத் தெளிந்தது. அடுத்த வரி. மறுபடி வெளுத்தது.

கேமராவில் ஆவி படிந்துகொண்டிருந்தது.

அது அவளுக்குப் பின்னால் இல்லை. முன்னால். போனுக்கும் அவளுக்கும் நடுவில்.

"பாண்டிச்செல்வி! எந்திரி! வெளிய ஓடு!"

ஸ்வப்னாவின் கத்தல் அவளுடைய அறைக்குள்ளேயே நின்றுவிட்டது. தன் செல்போனை எடுத்துக் கூப்பிட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே. மாணவிகளின் பெயர்ப் பட்டியலில் பாண்டிச்செல்வியின் கணவன் சிவபாண்டியின் எண் இருந்தது.

"டீச்சரா? என்னாச்சு? வண்டியில இருக்கேன்."

"வீட்டுக்கு உடனே யாரையாவது அனுப்புங்க. கேக்காதீங்க, அனுப்புங்க."

"சித்தப்பா மகன் மருது தோட்டத்துலதான் இருக்கான். பத்து நிமிசம் டீச்சர்."

பாட்டு நான்கு நிமிடம். அது முடியும் இடம் வந்தது. பாண்டிச்செல்வி நிறுத்தவில்லை. முதல் வரிக்குத் திரும்பினாள். கண்களைத் திறந்தாள். கேமராவைப் பார்க்கவில்லை. அதற்குச் சற்று மேலே, எதன் முகத்தையோ பார்த்தாள். கண்ணீர் வழிந்தது. சுருதி பிசகவில்லை.

ஸ்வப்னா அவள் நெஞ்சைப் பார்த்தாள்.

அசையவில்லை. இரண்டு வரி. நான்கு வரி. எட்டு. அவள் மூச்சே எடுக்கவில்லை. அவளுக்கும் சேர்த்து அது எடுத்துக்கொண்டிருந்தது. உதடுகள் கறுத்துக்கொண்டு வந்தன. பாடின.

கதவு இடிபட்டது.

"மதினி! கதவத் திறங்க! அண்ணே போன் பண்ணுச்சு!"

மருது. ஸ்வப்னா திரையைக் கையால் அறைந்தாள். கதவை உடை. உடைடா. கதவு அதிர்ந்தது. தாழ் குலுங்கியது. ஒருமுறை. இன்னொரு முறை.

நின்றது.

திரை தெளிந்தது. அடுத்த மூச்சு தள்ளிக் கேட்டது, கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

அதன்பின் மருது பாடினான். அந்தப் பாட்டை ஒருநாளும் கேட்டிராதவன், அதன் கீழ்க்குரலை, ஒரு எழுத்து பிசகாமல். உள்ளே பாண்டிச்செல்வி, கண் இமைக்காமல், அசையாத நெஞ்சோடு, அவனோடு சேர்ந்து.

இரண்டு குரல்களும் கச்சிதமாகப் பொருந்தின.